நீலாயதாட்சி பேரில் ஒரு விமானம்

கோட்டுச்சேரியில் என் நெற்களத்தை ஒட்டி ஒரு கொட்டகை இருக்கிறது. நாற்பது அடி நீளம், தகரக் கூரை, சிமெண்டுத் தரை. மூட்டை அடுக்கவும் பவர் டில்லர் நிறுத்தவும் நான் ஆசையாகப் போட்டது. 2016 பொங்கல் கழிந்த வாரத்தில் என் அக்கா வீட்டுக்காரர் கஸ்தோன் வந்து, "சிவராமா, கொட்டாயை ஒரு ரெண்டு வருஷத்துக்குக் குடேன்" என்றார். எதற்கு என்று கேட்டேன். விமானம் கட்டப்போகிறேன் என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்துக் கொட்டகையின் அகலத்தை அளக்க ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் போனதால் என் நெல் மூட்டைகள் இன்றைக்கும் வீட்டுக் கூடத்தில் கிடக்கின்றன. டில்லர் மழையில் நின்று துருப்பிடித்துவிட்டது.

அவரைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். கிறுக்கு என்பவர்கள் பாதி, மேதை என்பவர்கள் பாதி. இரண்டு கூட்டத்திலும் யாரும் அவரோடு ஒரு முழு நாள் இருந்ததில்லை. நான் இருந்திருக்கிறேன், வேறு வழியில்லாமல். அவர் ஒரு மெக்கானிக், அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்ளாமல் அவருக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

அவருடைய அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அறுபத்திரண்டில் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, விருப்பப்பட்டவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொள்ளலாம் என்று ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். ஒன்பது வயதுப் பையன் கஸ்தோன் திருவேட்டக்குடியில் தன் வீட்டுக்குள் இருந்தபடியே வெளிநாட்டுக்காரன் ஆனான்.

பத்தொன்பது வயதில் அந்த நாட்டுக்குப் போய் விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். அங்கே திருகு ஒன்றை முடுக்கினால் முடுக்கியவன் கையெழுத்துப் போட வேண்டும். மூடியைக் கழற்றினாலும் கையெழுத்து, திரும்ப மாட்டினாலும் கையெழுத்து. நாளைக்கு ஏதாவது ஆனால் யார் கை என்று தெரிய வேண்டும். இருபத்திரண்டு வருஷம் படையில், பிறகு ஒரு சின்னப் பறக்கும் கிளப்பில் என்று, நாற்பது வருஷம் அவர் கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் ஏறிப் பறந்தார்கள். அவர் கீழே நின்று கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்.

எண்பத்தொன்றில் லீவில் வந்தபோது என் அக்கா நீலாயதாட்சியைக் கட்டினார். அக்கா அப்போது கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் கிளார்க். அரசாங்க உத்தியோகத்தை விட மாட்டேன் என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள். இரண்டு தடவை போய்ப் பார்த்தாள், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பிவிட்டாள். அவர் வருஷத்துக்கு ஒரு மாதம் வந்தார். குழந்தை இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓட்டிவிட்டு, 2013இல் பெட்டியோடு நிரந்தரமாக வந்து சேர்ந்தார். அக்கா ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்ற வருஷம்தான் அவர் என் கொட்டகையை அளந்தது.

பெட்டியில் வரைபடங்கள் இருந்தன. ஒரே ஒரு ஆள் உட்காரும் மர விமானம். மரச் சட்டம், அதன்மேல் துணி, முன்னால் நாலு சிலிண்டர் எஞ்சின். உலகம் முழுக்க இப்படிச் சொந்தமாகக் கட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்களாம். "அத்தான், இந்த வயசுல நீங்க ஓட்டப்போறீங்களா?" என்று கேட்டேன். அவருக்குக் கண்ணில் புரை, இதயத்தில் ஒரு ஸ்டென்ட். மருத்துவச் சான்றே கிடைக்காது.

"நான் ஏற வேணாம்டா. அது ஏறணும். ஓட்டுறதுக்கு ஆளு இருக்கான், கெளப்புல பழக்கம். நான் கீழ நின்னு பாத்துக்கிறேன்" என்றார்.

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். தன் கையால் செய்த ஒன்று தரையை விட்டு எழும்புவதைப் பார்க்க வேண்டும். அதற்கு அதன் பக்கவாட்டில் ஐந்து எழுத்து வேண்டும். இந்தியாவில் பதிவான எல்லா விமானத்துக்கும் VT என்று தொடங்கி மூன்று எழுத்து கூடுதலாகத் தருவார்கள். அந்த எழுத்து இல்லாமல் ஓரடி எழும்பினாலும் குற்றம்.

இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொன்னது அக்கா. ஓய்வு பெற்றவளுக்கு ஒரு கோப்பு கிடைத்ததில் எவ்வளவு சந்தோஷம்! விதிகளையும், விதிகளோடு வருகிற வழிகாட்டுச் சுற்றறிக்கைகளையும் அச்செடுத்து, ஓரத்தில் பென்சிலால் குறித்து, நாடாவால் கட்டி வைத்தாள். எனக்கும் பாடம் நடந்தது. பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கட்டுகிறவர் தன் கையால் செய்திருக்க வேண்டும். கற்றுக்கொள்ளவும் பொழுதுபோக்கவும் கட்டியிருக்க வேண்டும், ஆள் வைத்துக் கட்டி விற்பதற்கு இல்லை. இறக்கையை மூடுவதற்கு முன் அதிகாரி வந்து உள்ளே பார்க்க வேண்டும். தினப்படி வேலையைப் பதிவேட்டில் எழுதி, புகைப்படம் ஒட்டி, கையெழுத்துப் போட வேண்டும்.

"பதிவேடு கட்டாயமா?" என்று கேட்டேன்.

"அது சுற்றறிக்கையில இருக்கு. வெறும் அறிவுரைதான். ஆனா விதியில இருக்கறத எந்த ஆபீசரும் கேக்க மாட்டான், அறிவுரையில இருக்கறதத்தான் மொதல்ல கேப்பான்" என்றாள். முப்பத்தைந்து வருஷ சர்வீஸ் பேசியது.

விண்ணப்பம் எழுதிய நாளில் நானும் இருந்தேன். உரிமையாளர் பெயர், கட்டுபவர் பெயர் என்று இரண்டு கட்டங்கள். அக்கா பேனாவை எடுத்தாள். அத்தான் யோசிக்கவே இல்லை.

"உன் பேரைப் போடு நீலா."

அவளும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர் உள்ள எந்த வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். மனை இந்தியக்காரர் பேரில், வீட்டு வரி இந்தியக்காரர் பேரில், கேஸ் இணைப்பும் ஸ்கூட்டரும் நாய்க்கு லைசென்ஸும் இந்தியக்காரர் பேரில். பிரெஞ்சுப் பேரில் எதை வாங்கினாலும் டெல்லிவரை தலைவலி என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த ஞானம். அத்தான் கட்டின வீடு அக்கா பேரில்தான் இருக்கிறது. அதே கையோடு விமானமும் அக்கா பேருக்குப் போனது. மரம், பசை, எஞ்சின் எல்லாம் கப்பலில் வந்து இறங்கியபோது சுங்கத் தாள்களில் நீலாயதாட்சி, நீலாயதாட்சி என்றுதான் இருந்தது.

ரெண்டு வருஷம் என்றது ஏழு வருஷம் ஆனது. அந்த ஏழு வருஷத்தைப் பற்றி எனக்கு ஒரு மரியாதை உண்டு, எரிச்சலும் உண்டு. காலை எட்டரைக்கு வருவார். ஒவ்வொரு மரச் சட்டத்தையும் அட்டைபோல மெலிசாகச் சீவி, பசை தடவி, ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கி வைப்பார். சுவரில் ஈரப்பதம் காட்டும் கருவி மாட்டியிருந்தார். அது அறுபது சதவீதத்தைத் தாண்டினால் பசை டப்பாவைத் திறக்க மாட்டார். கடற்கரை ஊரில் அறுபதுக்குக் கீழே எத்தனை நாள் இருக்கும்? சில மாதம் ஒன்பது நாள்தான் வேலை நடக்கும். மற்ற நாளெல்லாம் அந்தக் கருவியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

யாரையும் தொடவிட மாட்டார். கோட்டுச்சேரிமேட்டில் ஃபைபர் படகு செய்கிற சிவக்குமார், பசை வேலையில் கெட்டிக்காரன், ஆர்வமாக வந்தான். "ஐயா, இந்த ஓரத்த நான் தேய்ச்சுக் குடுத்துடுறேன், அரை நாள் வேலை" என்று உப்புத்தாளைக் கையில் எடுத்தான்.

"வை கீழ" என்றார் அத்தான். "நீ தொழில்காரன். நீ தொட்டா அது அமெச்சூர் வேலை இல்லன்னு ஆயிடும். விதி இருக்கு."

சிவக்குமார் போகும்போது என்னிடம், "பாதி வேலைதான அண்ணே அவரு செய்யணும்னு விதி? மீதிப் பாதிய என்கிட்ட வுட்டா என்னவாம்" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அத்தானுக்குப் பாதி போதாது, நூற்றுக்கு நூறும் அவர் கையாக இருக்க வேண்டும். அப்படியே இருந்தது. ஒரு துவாரம்கூட இன்னொருவர் போட்டதில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு அக்கா வருவாள். அத்தானுக்கு இங்கிலீஷ் எழுத வராது, பிரெஞ்சுதான். அவர் அன்றைய வேலையை வாயால் சொல்லுவார், அவள் பதிவேட்டில் இங்கிலீஷில் எழுதுவாள். அவர் அதைக் கர்னே என்பார், அவள் ரிஜிஸ்டர் என்பாள். எழுதி முடித்ததும் கட்டுபவர் கையெழுத்து என்ற இடத்தில் நீலாயதாட்சி என்று போட்டு, தேதி போட்டு, மூடுவாள். அவள் கையெழுத்துப் போடும்போது அத்தான் எங்காவது வேறு பக்கம் பார்ப்பார். முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த பிறகும் கேட்கவில்லை.

புகைப்படம் என் வேலை. கையும் மரமும் மட்டும் விழ வேண்டும், முகம் விழக் கூடாது என்று அக்கா உத்தரவு. செல்போனை இப்படியும் அப்படியும் சாய்த்து, அத்தானின் மணிக்கட்டு முடி தெரியாமல் எடுப்பது பெரும்பாடு. அவர் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டுக்கொண்டு, அந்த வேக்காட்டில், யாரோ ஒருவருடைய கையாக நிற்பார். ஏழு வருஷத்தில் ஆயிரத்துச் சொச்சம் படம். ஒன்றில்கூட அவர் கிடையாது.

2019இல் இறக்கையை மூடுவதற்கு முன் சென்னை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அன்றைக்கு அத்தான் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். அக்கா தனியாகச் சமாளித்தாள். அதிகாரி கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். ஒவ்வொரு வரியையும் தன் கையால் எழுதினவள் ஆயிற்றே, பக்க எண் உள்பட மனப்பாடம். கடைசியில் அவர் கிளம்புகிற நேரத்தில், "சார், றெக்கையில தண்ணி வடியற இந்த ஓட்டை கொஞ்சம் சின்னதா போயிடுச்சு, பெருசு பண்ணணும்" என்று தானாகவே ஒரு குறையைச் சொன்னாள். அவர் சந்தோஷமாக அதைக் குறித்துக்கொண்டு, மற்றதெல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

"ஏன்க்கா நீயா போய்ச் சொன்ன?" என்று கேட்டேன்.

"ஆடிட்டுக்கு வர்றவன் ஒண்ணாவது கண்டுபிடிக்காம போவ மாட்டான்டா. நாம ஒரு சின்னத் தப்ப எடுத்துக் குடுத்துட்டா, பெருசா தேட மாட்டான். எங்க ஆபீஸ்ல முப்பத்தஞ்சு வருஷமும் இப்படித்தான் ஓட்டினோம்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நானும் பலே என்றேன். அத்தானிடம் இதை இருவருமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே வேறு.

2023 மாசியில் விமானம் முடிந்தது. வெள்ளை நிறம். கொட்டகைக்குள் அது நிற்கிறதைப் பார்க்க நானே ஒரு நாளைக்கு நாலு தடவை கதவைத் திறந்தேன். பக்கவாட்டில் ஐந்து எழுத்துக்கான இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்துக்கெல்லாம் மெருகு போட்டிருந்தார். அந்த ஐந்து எழுத்து வந்ததும் இறக்கைகளைக் கழற்றி, லாரியில் ஏற்றி, புதுச்சேரி ஓடுதளத்துக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். ஓட்டுகிறவரிடம் பேசியாகிவிட்டது. அத்தான் அன்றைக்குப் போட்டுக்கொள்ளப் புதுச் சட்டைகூட எடுத்து வைத்திருந்தார், அரைக்கை.

கடைசி ஆய்வுக்கு வந்தவர் வேறு அதிகாரி. நாற்பத்தைந்து வயதிருக்கும், நிதானமான மனிதர். டீ குடித்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கொட்டகைக்குள் போனார். முதல் கேள்வி கேட்டதும் அத்தான் வாயைத் திறந்தார். அதிகாரி மரியாதையாக, "சார், கட்டினவங்க மேடம்தானே, அவங்களே சொல்லட்டும். நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்களேன்" என்றார்.

அத்தான் வெளியே வந்து என் டில்லர்மேல் உட்கார்ந்தார். நான் வாசலில் நின்றேன். உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது.

பசை என்ன விகிதம் என்று கேட்டார், அக்கா சொன்னாள். கட்டைகளை எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டார், சொன்னாள். இடது இறக்கையின் நாலாவது சட்டம் எப்போது செய்தது என்றதற்கு, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் சார் என்றாள். அவர் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். இறக்கையை விரலால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். "மேடம், நான் சர்வீஸ்ல எத்தனையோ விமானம் பாத்துட்டேன். வீட்ல கட்டினதுல இவ்வளவு சுத்தமான வேலைய பாத்ததில்ல. உங்க கைக்கு ஒரு கும்பிடு" என்றார்.

நான் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பொறுத்துக்கொண்டார். அந்தப் பாராட்டை இன்னொருத்தருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு நான் சாட்சி.

அதிகாரி மேசையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். உறுதிமொழித் தாளை அக்கா பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் அக்காவுக்கு ஆபீஸ் ஞாபகம் வந்து தொலைத்தது. எல்லாம் சரியாகப் போகிறது என்றாலே அவளுக்குப் பயம்.

"சார், ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இடது றெக்கையில பின்பக்கக் கட்டையில ஒரு ஒட்டு எனக்கு அவ்வளவா திருப்தி இல்ல. அன்னிக்கு ஈரம் கொஞ்சம் ஜாஸ்தி. அவசரப்பட்டு ஒட்டிட்டேன்."

அதிகாரி தலையாட்டினார். "பரவால்ல மேடம், சொன்னதே நல்லது. ஒரு குறிப்பு போட்டுடறேன், மேல ஏறுறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ பாத்துக்குங்க."

டில்லர் கிறீச்சிட்டது. அத்தான் எழுந்துவிட்டார். நான் கையைப் பிடிப்பதற்குள் உள்ளே போய்விட்டார்.

"எந்த ஒட்டு?"

அக்கா கண்ணைக் காட்டினாள். "ஒண்ணுமில்லீங்க, நீங்க போங்க."

"எந்த ஒட்டு நீலா? ஈரத்துல ஒட்டினதா? யாரு ஒட்டினா ஈரத்துல?" அதிகாரி பக்கம் திரும்பினார். "சார், அழிங்க அத. அறுபதுக்கு மேல இருந்தா நான் டப்பாவையே தொறக்க மாட்டேன் சார். அந்த ஒட்டு முப்பத்தாறு மணி நேரம் கிளாம்ப்புல இருந்துச்சு. ஒரு ஆளு அத நம்பி உசுர வச்சு ஏறப்போறான். நான் ஒட்டினது சார் அது. என் கை. தப்பு ஒட்டுன்னு அதுல ஒரு வரி எழுதாதீங்க."

அந்த நிமிஷத்தில் அவர் கழுத்தை நெரித்திருப்பேன். ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த மனுஷன், இன்னும் ஏழு நிமிஷம் மூடிக்கொண்டிருந்தால் என்ன? பாராட்டு போனால் போகட்டும் என்று இருந்தவருக்கு ஒரு பொய்க் குறையைத் தாங்க முடியவில்லை. நாற்பது வருஷமாகக் கையெழுத்துப் போட்டுப் பழகிய ஆள். தன் வேலையில் இல்லாத ஒரு தப்பை எழுத விட்டுவிட்டு அவரால் வெளியே உட்கார்ந்திருக்க முடியாது. அக்காவுக்கு அது தெரியவில்லை. அவள் ஆபீஸில் தப்பு என்றால் ஒரு தாள்.

அதிகாரி பேனாவை மூடினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நாங்களும் கத்தியிருக்கலாம்.

"கட்டினது நீங்களா சார்?"

"நான்தான்."

"எல்லாமா?"

"எல்லாம்."

"ஒவ்வொரு பக்கத்துலயும் மேடம் கையெழுத்து இருக்கே."

அக்கா சொன்னாள், "இவரு பிரெஞ்சு நேஷனாலிட்டி சார். இவரு பேர்ல எதுவும் பதிய முடியாதுன்னுதான் என் பேர்ல போட்டோம்."

அதிகாரி அவளையே பார்த்தார். பிறகு மெதுவாக, "யாரு மேடம் முடியாதுன்னு சொன்னது? இந்தியாவுல குடியிருக்கற வெளிநாட்டுக்காரங்க சொந்தமா வச்சிருக்கற விமானத்தையும் பதியலாம். அதுக்குத் தனிப் பிரிவு விதியிலயே இருக்கு. சார் பேர்லயே போட்டிருக்கலாமே" என்றார்.

யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. யாரையும் கேட்கவுமில்லை. கட்டுவது பற்றிய அத்தனை சுற்றறிக்கையையும் எழுத்து எழுத்தாகப் படித்த அக்கா, யார் பேரில் பதியலாம் என்ற பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை. அதுதான் எங்கள் எல்லோருக்கும் பிறந்தபோதே தெரியுமே! அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள், மறுபடி போட்டுக்கொண்டாள்.

அந்த மனிதர் இன்னும் கால் மணி நேரம் இருந்தார். தன்னால் இனி கையெழுத்துப் போட முடியாது, கட்டினவர் வேறு என்று காதால் கேட்டுவிட்டேன் என்றார். அத்தான் தன் பேரில் புதிதாக விண்ணப்பம் போடலாம், ஆனால் கட்டினதற்கு அவருடைய பதிவேடு வேண்டும், மூடின பாகங்களைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும், அதன் பிறகும் ஏற்பார்களா என்று தான் சொல்ல முடியாது என்றார். படங்கள் இருக்கின்றன என்று நான் செல்போனை நீட்டினேன். அவர் பத்துப் பதினைந்து படம் பார்த்தார். "இதுல யாரு கைன்னு எப்படிங்க சொல்றது?" என்றார். போகும்போது விமானத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

அவர்கள் இருவரும் அதன் பிறகு சண்டை போடவே இல்லை. போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் பிரெஞ்சு நாட்டில் பதிய முடியாதா என்று நான் அத்தானிடம் கேட்டேன். "அவங்க ஆளும் கட்டும்போதே வந்து பாக்கணும்டா. கோட்டுச்சேரி கொட்டாய்க்கு எவன் வருவான்" என்றார். நாலாம் நாள் காலையில் வந்து, ஒரு கத்தியை எடுத்து, இடது இறக்கையின் துணியை நீளமாகக் கிழித்தார். மூன்று மாதம் பூசிப் பூசி மெருகேற்றின துணி. கிழித்துவிட்டு அந்தப் பின்பக்க ஒட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு மயிரிழை இடைவெளி இல்லை.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் அத்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அக்கா அவர் பேரில் புது விண்ணப்பம் எழுதினாள். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் நாலு பக்கத்துக்கு எழுதி, தான் கையெழுத்து மட்டும் போட்டதாக நோட்டரி முன் உறுதிமொழி கொடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரே விமானத்தை இருவர் கட்டியதாக ஆவணங்கள் உள்ளன; முந்தைய பதிவேடு உண்மையற்றது என விண்ணப்பதாரரே ஒப்புக்கொள்கிறார்; கட்டுமானத்தை நிறுவ வேறு சான்று இல்லை; முந்தைய ஆய்வும் செல்லாது; கோப்பு முடிக்கப்படுகிறது. மரியாதையான கடிதம். ஒரு வார்த்தை தவறில்லை, அதனால்தான் வயிறு எரிந்தது.

கடிதம் வந்தபோது நான் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் உள்ளிருந்து, "சென்னையிலிருந்தா? என்ன போட்டிருக்கு?" என்றார். இங்கிலீஷ் கடிதம் எது வந்தாலும் அவள்தான் படித்துச் சொல்வாள். அவள் ஒருமுறை படித்தாள். இன்னொருமுறை படித்தாள். மடித்தாள்.

"பரிசீலனையில இருக்காம். பதிவேட்ட ஒழுங்கா எழுதி வச்சிக்கச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

"நேரமாகும்ல?"

"ஆமாங்க, நேரமாகும்."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். அவருக்காக அழுதேனா அவளுக்காக அழுதேனா தெரியாது. கோபமும் இருந்தது. இன்னொரு பொய்யா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அத்தானுக்கு இப்போது எழுபத்திரண்டு. இன்றைக்கும் காலை எட்டரைக்கு வருகிறார். கை நடுங்குவதால் முன்பு ஒரு நாளில் செய்ததற்கு இப்போது பத்து நாள் ஆகிறது. இடது இறக்கையை முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு சட்டத்தையும் புதிதாகச் செய்கிறார். பதிவேட்டைத் தானே எழுதுகிறார், பிரெஞ்சில். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தன் கையெழுத்தைப் பெரிதாகப் போடுகிறார். யாரும் அதைப் படிக்கப்போவதில்லை. சிவக்குமார் வந்தால் இன்னும் "தொடாத" என்கிறார்.

போன வாரம் ஒரு புதுச் சட்டத்தை ஒட்டிக் கிளாம்ப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் செல்போனை எடுத்துக்கொண்டு போனேன். பழக்க தோஷத்தில் குனிந்து, கையும் மரமும் மட்டும் விழுகிறபடி சாய்த்துப் பிடித்தேன்.

"பின்னாடி போ" என்றார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டார். தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, கிளாம்ப்பின்மேல் ஒரு கையை வைத்து நிமிர்ந்து நின்றார். "மூஞ்சி தெரியற மாதிரி எடு சிவராமா. அவங்க பாக்கும்போது யாருன்னு தெரியணும்."

எடுத்தேன். நன்றாக விழுந்திருக்கிறதா என்று கேட்டார். நன்றாக விழுந்திருக்கிறது அத்தான் என்றேன். அக்காவிடம் கொடுத்து இன்றைக்கே அனுப்பச் சொல் என்றார். சரி என்று சொன்னேன்.